ஸ்னோ கொட்டுற ஊர்ல சைக்கிள்ல வேலைக்கு: வாசகர் கேள்வி, நம்ம பதில்

குளிர்காலத்துல சைக்கிள்ல வேலைக்குப் போறவங்க, போகணும்னு ஆசைப்படுறவங்க கேள்வி அனுப்பலாம்னு போன இதழ்ல ரெண்டு வரி போட்டிருந்தோம். நிறைய வந்திருக்கு. ரோடு, உப்பு, பஸ், சட்டம் எல்லாமே ஊருக்கு ஊர் மாறுறதால இந்த தடவை டொராண்டோ சம்பந்தப்பட்ட கேள்வியை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அண்ணை, நான் ஸ்காபரோவில இருக்கிறன். வேர்ஹவுஸ் வேலை, காலமை ஆறு மணிக்குத் தொடங்கும். ரெண்டு பஸ் மாறோணும், சைக்கிளில எண்டா ஏழு கிலோமீற்றர்தான். ஊரில இருக்கேக்க பள்ளிக்கூடம், ரியூசன் எல்லாம் லுமாலா சைக்கிளிலதான் போனனான், அதால ஓடுறது பிரச்சினையில்லை. சமருக்கு கராஜ் சேலில ஒரு பழைய மவுண்டன் பைக் வாங்கி ஓடிக்கொண்டிருந்தன். இப்ப சினோ வரப்போகுது. கூட வேலை செய்யிற பெடியன் ஒருத்தன் ஃபற் பைக் வாங்கச் சொல்லுறான், ஆயிரம் டொலருக்கு மேல வருது. வாங்கலாமோ?

பதில்: தம்பி, வாங்காதீங்க. உங்ககிட்ட இருக்கிற அந்த பழைய மவுண்டன் பைக்தான் இந்த ஊர் குளிர்காலத்துக்கு ஏத்த சைக்கிள், அதுக்கு நல்ல டயர் மட்டும் வாங்குங்க.

ஏன்னு சொல்றேன். ஃபேட் பைக்ல இருக்கிற நாலு இஞ்ச் அகல டயர் எல்லாம் காட்டுப் பாதையில இறுகிப்போன ஸ்னோ மேல, இல்லைன்னா கடற்கரை மணல்ல புதையாம போறதுக்காக செஞ்சது. நீங்க போற ரோட்டுல அப்படி ஸ்னோ எத்தனை நாள் கிடக்கும் சொல்லுங்க, ஸ்னோ விழுந்த கொஞ்ச நேரத்துல ப்ளவ் வண்டி வந்து தள்ளிடும், உப்பு போட்டுடுவாங்க, அதனால பெரும்பாலான நாள் ஈர ரோடு, ஓரத்துல சேறு மாதிரி ஸ்லஷ், அங்கங்க கண்ணுக்கே தெரியாத கண்ணாடி ஐஸ், இதுதான் நிலைமை. அந்த ஐஸ் மேல ரப்பர் எவ்வளவு அகலமா இருந்தாலும் வழுக்கத்தான் செய்யும். அங்க பிடிக்கிறது ஆணி மட்டும்தான்.

அதனால ஸ்டட், அதாவது சின்ன ஆணி வெச்ச டயர் வாங்குங்க. உங்க டயரோட பக்கவாட்டுல சின்ன எழுத்துல 47-559ன்னு இந்த மாதிரி ஒரு நம்பர் இருக்கும், பழைய 26 இஞ்ச் மவுண்டன் பைக்னா கடைசி மூணு எண் 559தான், புது சைக்கிள் நிறைய 622ல வருது, அந்த கடைசி எண்ணைப் பாத்து அதே அளவுல வாங்கணும். ஷ்வால்பே, 45நார்த், சுவோமி இதெல்லாம் கிடைக்கும். ஆணி டங்ஸ்டன் கார்பைடுதானான்னு கேட்டு வாங்குங்க, வெறும் இரும்பு ஆணின்னா வெறும் தார் ரோட்டுல ஓட ஓட தேஞ்சு அடுத்த வருஷம் மொழுமொழுன்னு ஆயிடும். ஒரு டயர் நூறு டாலர் பக்கம் வரும், கையில ஒண்ணுக்குத்தான் காசு இருக்குன்னா முன்னாடி மாட்டுங்க. பின் வீல் வழுக்குனா காலை ஊனி சமாளிச்சுக்கலாம், முன் வீல் வழுக்குனா சமாளிக்க நேரமே இருக்காது, அடுத்த நொடி தரையில கிடப்பீங்க. ரெண்டாவது டயரை அடுத்த சம்பளத்துல வாங்கிக்கலாம்.

புதுசா மாட்டுன உடனே வேகமா மிதிக்கிறது, சடார்னு பிரேக் அடிக்கிறது வேண்டாம், முதல் 40 கிலோமீட்டர் தார் ரோட்டுல நிதானமா ஓட்டுனாத்தான் ஆணி ரப்பர்ல நல்லா உக்காரும். காய்ஞ்ச ரோட்டுல பொரி வறுக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும், அது சரியான சத்தம்தான். அந்த சத்தம் திடீர்னு அடங்குச்சுன்னா ஐஸ் மேல போறீங்கன்னு அர்த்தம், உடனே ஹேண்டிலைத் திருப்பாம, முன் பிரேக்கைத் தொடாம, நேரா உருட்டிக்கிட்டே தாண்டிடுங்க. வேகத்தை எல்லாம் திருப்பத்துக்கு முன்னாடியே குறைச்சுடணும், திருப்பத்துக்குள்ள பிரேக் பிடிக்கிற பழக்கமே இருக்கக்கூடாது. காத்தும் சம்மர்ல அடிக்கிறதைவிட கொஞ்சம் கம்மியா வெச்சுக்குங்க, ஆனா டயர்ல போட்டிருக்கிற குறைஞ்சபட்ச அளவுக்குக் கீழ வேண்டாம்.

அடுத்தது மட்கார்டு. ஊர்ல லுமாலாவுல இருந்த மாதிரி ரெண்டு வீலுக்கும் முழு மட்கார்டு போடுங்க, இங்க விக்கிற கையகல பிளாஸ்டிக் துண்டு போதாது, உப்புத் தண்ணி முதுகுல கோடு போட்டுடும், செயின்லயும் அடிக்கும். டயரும் மட்கார்டும் சேர்ந்து ஃபோர்க்குக்குள்ள உரசாம அடங்குதான்னு மட்டும் பாத்துக்குங்க.

கியர் பத்தியும் சொல்லிடுறேன், ஸ்லஷ் போய் டிரெயிலியர்ல, அதாவது செயினைத் தள்ளி கியர் மாத்துற பாகத்துல, ஒட்டி உறைஞ்சா கியர் மாறாது. ஸ்காபரோவுல உங்க ரூட்ல பெரிய ஏத்தம் இல்லைன்னா நடு கியர் ஒண்ணுல போட்டு அப்படியே ஓட்டுங்க. நாளைக்கு நிஜமாவே புது சைக்கிள் வாங்குற நிலைமை வந்தா, வீலோட நடுவுல இருக்கிற ஹப்புக்குள்ளயே கியர் அடங்கின மாடல் பாருங்க, ஷிமானோ நெக்ஸஸ் மாதிரி, கூடவே டிஸ்க் பிரேக். ரிம் பிரேக்குல உப்பும் மண்ணும் சேர்ந்து ரிம்மையே அரம் வெச்சு ராவுன மாதிரி தேய்ச்சிடும், ஈரத்துல பிடிக்கவும் நேரமாகும். சஸ்பென்ஷன் ஃபோர்க்குக்கு ஒரு டாலர்கூட அதிகமா குடுக்காதீங்க, விலை கம்மியான சஸ்பென்ஷன் எல்லாம் குளிர்ல விறைச்சுப் போயிடும், உப்பு அதை ரெண்டே வருஷத்துல கெடுத்துடும்.

ஆறு மணி ஷிஃப்ட்னா நீங்க போறதே கும்மிருட்டுல. இங்க டிசம்பர் கடைசியில சூரியன் வர்றதே 7:50 வாக்குல. முன்னாடி வெள்ளை லைட், பின்னாடி சிவப்பு லைட் இல்லைன்னா ரிஃப்ளெக்டர், பெல், இது ஒண்டாரியோ சட்டம். சட்டத்துக்காக இல்லைன்னாலும் பின்னாடி ரெண்டு சிவப்பு லைட் வெச்சுக்குங்க, ஒண்ணு ஸ்னோ ஒட்டி மறைஞ்சாலும் இன்னொண்ணு தெரியும். குளிர்ல சார்ஜ் சீக்கிரம் இறங்கும், அதனால வேலைக்குப் போனதும் லைட்டைக் கழட்டி உள்ள எடுத்துட்டுப் போயிடுங்க.

கேள்வி: ஈஸ்ட் யார்க்ல இருந்து டவுன்டவுன் ஆபீஸுக்கு சைக்கிள்ல போறேன், முக்கால் மணி நேரம். இறகு அடைச்ச நல்ல தடிமனான டவுன் ஜாக்கெட் போட்டுக்கிட்டுத்தான் போறேன், ஆனா ஆபீஸ் போய்ச் சேரும்போது உள்ள எல்லாம் தொப்பலா நனைஞ்சு, அப்புறம் மதியம் வரைக்கும் குளிர் நடுக்குது, விரல் மட்டும் எப்பவுமே மரத்துப் போகுது. கண்ணாடி போடுறவ வேற, மூச்சு விட்டா ரோடே தெரியமாட்டேங்குது. என்ன போடணும்னு கொஞ்சம் விவரமா சொல்லுங்க சார்.

பதில்: உங்களுக்குக் குளிர் குடுக்கிறது வெளிக் குளிரைவிட உங்க வேர்வைதான் மேடம். டவுன் ஜாக்கெட் பஸ் ஸ்டாப்புல நிக்கிறதுக்கு செஞ்சது. பத்து நிமிஷம் மிதிச்சாலே உடம்பு அடுப்பா எரிய ஆரம்பிச்சிடும், அந்த வேர்வை வெளிய போக வழியில்லாம உள்ளேயே தங்கும், நீங்க சிக்னல்ல நிக்கிறப்ப அது ஜில்லுன்னு ஆகும்.

வீட்டை விட்டு இறங்கி முதல் அஞ்சு நிமிஷம் லேசா குளிரணும். கதவைத் திறந்ததும் கதகதப்பா சுகமா இருந்துச்சுன்னா ஒரு துணி அதிகமா போட்டிருக்கீங்க, திரும்பிப் போய் கழட்டி வெச்சுட்டு வாங்க. உடம்போட ஒட்டி மெரினோ கம்பளி, இல்லைன்னா பாலியஸ்டர் பனியன். பருத்தி மட்டும் வேண்டவே வேண்டாம், நம்ம ஊர் வெயிலுக்கு அது தெய்வம், இங்க நனைஞ்சா காயவே காயாது. அதுக்கு மேல மெல்லிசா ஒரு ஃப்ளீஸ். வெளிய காத்து புகாத, மெல்லிசான, அக்குள்ல ஜிப் வெச்ச ஜாக்கெட். பூஜ்யம் டிகிரி பக்கம்னா நடுவுல இருக்கிற ஃப்ளீஸே வேண்டியதில்ல. ஆபீஸ் துணியைப் பையில மடிச்சு எடுத்துட்டுப் போங்க, அந்தப் பையையும் முதுகுல மாட்டாம கேரியர்ல தொங்கவிடுங்க, முதுகு வேர்வையில பாதி அங்கயே குறைஞ்சிடும். செருப்பு, ஷூ, ஒரு ஸ்வெட்டர் எல்லாம் ஆபீஸ்லயே ஒரு டிராயர்ல போட்டு வெச்சிட்டீங்கன்னா தினம் தூக்க வேண்டாம்.

மேல் உடம்பு சூடாகிடும், ஆனா காத்துல நேரா நிக்கிறது கையும் முகமும். காத்தே இல்லாத மைனஸ் 10ல நீங்க மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துல போனீங்கன்னா கனடா வானிலைத் துறையோட வின்ட் சில், அதாவது காத்தோட சேர்த்து உணர்ற குளிர், கணக்குப்படி அது மைனஸ் 18 மாதிரி உறைக்கும். அதனால கைக்கு நான் சொல்றது பார் மிட், ஹேண்டில்பார்லயே மாட்டி வைக்கிற பெரிய உறை, பிரேக், பெல் எல்லாமே அதுக்குள்ள அடங்கிடும், உள்ள சாதாரண மெல்லிசு கிளவுஸ் போட்டாலே போதும். பாக்கறதுக்கு அழகா இருக்காதுன்னு நிறைய பேர் வாங்குறதில்ல, ஆனா குளிர்கால சாமான்ல குடுத்த காசுக்கு இவ்வளவு சுகம் குடுக்கிறது வேற எதுவும் இல்லைன்னு நான் அடிச்சு சொல்லுவேன். மாட்ட முடியாதுன்னா நண்டுக் கொடுக்கு மாதிரி ரெண்டு ரெண்டு விரல் சேர்ந்திருக்கிற கிளவுஸ் பாருங்க, அஞ்சு விரலும் தனித்தனியா இருக்கிறதைவிட அது சூடு.

காலுக்கு நீங்க ஸ்னோவுல நடக்கப் போடுற பூட்ஸே போதும், கம்பளி சாக்ஸ் ஒண்ணு. ரெண்டு சாக்ஸ் திணிச்சு இறுக்கினா ரத்த ஓட்டம் குறைஞ்சு இன்னும் மரத்துப் போகும், விரலை உள்ள ஆட்ட முடியணும். தலைக்கு ஹெல்மெட்டுக்கு உள்ள காதை மூடுற மெல்லிசு குல்லா, தடிமனா போட்டா ஹெல்மெட் தலையில உக்காராது, வாரையும் அதுக்குத் தகுந்த மாதிரி மறுபடி சரி பண்ணிக்குங்க.

கண்ணாடி மங்குறதுக்குக் காரணம் கழுத்துல போடுற அந்த டியூப் துணியை மூக்குக்கு மேல இழுத்து விடுறது. மூச்சு மேல போய் கண்ணாடியில படியுது. மூக்குக்குக் கீழ இறக்கி விடுங்க, கன்னமும் தாடையும் மூடியிருந்தா போதும், சிக்னல்ல நிக்கிறப்ப கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வெச்சா உடனே தெளிஞ்சிடும். ரொம்ப குளிர் நாள்ல கண்ணாடிக்கு மேலயே போடுற மாதிரி ஸ்கீ காகிள்ஸ் கிடைக்குது, அதுல உள்ள காத்து போக வழி இருக்கும். வின்ட் சில் மைனஸ் 28க்குக் கீழ போச்சுன்னா மூடாத தோல் 10 நிமிஷத்துல இருந்து 30 நிமிஷத்துக்குள்ள உறைஞ்சு போகலாம், அந்த நாள்ல மூக்கு நுனி, காது மடல், கன்னம் எதையும் வெளிய விடாதீங்க. உங்களுக்கு முக்கால் மணி நேரம்ங்கிறதால இதை ரொம்ப அழுத்தி சொல்றேன்.

கேள்வி: ஐயா, நான் மதுரையில இருந்து எழுதுறேன். எம்பையன் டொராண்டோல வேலை பாக்குறான். அந்தப் பனியிலயும் சைக்கிள்லதான் ஆபீஸ் போவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். வீடியோ கால்ல பாத்தா மீசையில எல்லாம் பனி ஒட்டியிருக்கு. சளி, காய்ச்சல்னு படுத்துட்டா பாக்க ஆளில்லய்யா. கீழ விழுந்துட்டா என்ன பண்ணுவான்? நீங்களாச்சும் சொல்லுங்க.

பதில்: அம்மா, மீசையில பனி ஒட்டுறது அவனோட மூச்சுக் காத்துல இருக்கிற ஈரம்தான், அதைப் பாத்து பயப்படாதீங்க. சளிக் காய்ச்சல் கிருமியாலதான் வருது, குளிர்ல சைக்கிள் ஓட்டுறதால மட்டும் வந்துடாது. ஆனா பையனுக்கு சின்ன வயசுல இருந்து வீசிங், ஆஸ்துமான்னு ஏதாச்சும் உண்டுன்னா அது வேற விஷயம், குளிர்ந்த வறண்ட காத்துல மூச்சு வாங்க மிதிச்சா நெஞ்சு இறுக்கும், டாக்டர்கிட்ட கேட்டுட்டு இன்ஹேலரைக் கையோட வெச்சுக்கச் சொல்லுங்க.

நீங்க அவன்கிட்ட கேக்க வேண்டியது மூணே மூணு. ஆணி டயர் மாட்டியிருக்கியா, பின்னாடி லைட் எரியுதா, ஹெல்மெட் போடுறியா. பெரியவங்களுக்கு சாதா சைக்கிள்ல ஹெல்மெட் கட்டாயம்னு ஒண்டாரியோ மாகாணத்துல சட்டம் இல்ல, 18 வயசுக்குக் கீழதான் கட்டாயம், அதனால அம்மா சொன்னாத்தான் போடுவான். டவுன்டவுன் பக்கம் ஆபீஸ்னா குயின், கிங், டண்டாஸ், காலேஜ் இந்தத் தெருவுல எல்லாம் டிராம் தண்டவாளம் ரோட்டோட ரோடா பதிச்சிருக்கும். சைக்கிள் டயர் அந்தப் பள்ளத்துக்குள்ள இறங்குனா ஆளைக் கவுத்துடும், ஈரத்துல அந்த இரும்பு வழுக்கவும் செய்யும். தண்டவாளத்தைக் குறுக்க நேரா வெட்டித்தான் தாண்டணும், சாய்வா போகக்கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. ஐஸ் மழை, அதாவது விழுந்த உடனே உறையிற மழை, பெய்யிற அன்னைக்கு பஸ்லதான் போவேன்னு அவன்கிட்ட சத்தியமே வாங்கிக்குங்க.

கேள்வி: எங்க ஏரியாவுல ரோட்டுல இருந்து தள்ளுற ஸ்னோவை எல்லாம் பைக் லேன்லயே மலையா குவிச்சு வெச்சிருக்காங்க. ரோட்டுல இறங்குனா கார்க்காரங்க ஹார்ன் அடிக்கிறாங்க. பிளாட்பாரத்துல ஓட்டலாமா?

பதில்: பிளாட்பாரம் வேண்டாம், டொராண்டோவுல 14 வயசும் அதுக்கு மேலயும் இருக்கிறவங்க அதுல ஓட்டக்கூடாது, அதைவிட முக்கியம் வயசானவங்க அந்த வழுக்கல்ல ஏற்கெனவே உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நடந்துட்டு இருக்காங்க. பைக் லேன் அடைஞ்சிருந்தா ரோட்டுல ஓட்ட உங்களுக்கு முழு உரிமை இருக்கு. ஓரமா ஓரமா ஒதுங்காதீங்க, ஓரத்துலதான் ஸ்லஷ், ஐஸ், திறக்கப் போற கார் கதவு எல்லாமே. பின்னாடி வர்ற கார்க்காரங்களுக்குத் தெரியிற மாதிரி நேர்க்கோட்டுல போங்க, அவங்க தாண்டும்போது முடிஞ்ச இடத்துல எல்லாம் 1 மீட்டர் இடைவெளி விடணும்னு ஒண்டாரியோவுல 2015லயே சட்டம் போட்டாச்சு. நகராட்சியோட 311 நம்பருக்குக் கூப்பிட்டு எந்தத் தெரு, எந்த இடத்துல இருந்து எந்த இடம் வரைக்கும்னு சொல்லிப் புகார் குடுங்க. ஒருத்தர் சொன்னா ஒரு புகார், அந்த வழியில போற பத்து பேரும் சொல்லணும், குளிர்காலத்துல இந்த ஊர்ல சைக்கிள் ஓடுதுன்னு அவங்களுக்குத் தெரியிறதே அதுலதான்.

கேள்வி: இ-பைக் வாங்கியிருக்கேன் ப்ரோ. 60 கிலோமீட்டர் போகும்னு சொன்னாங்க, குளிர் வந்ததும் 40கூட தாண்டல. பேட்டரி போச்சா? அபார்ட்மென்ட் வாசல் பக்கத்துலதான் சார்ஜ் போடுறேன்.

பதில்: பேட்டரி போகல ப்ரோ, லித்தியம் பேட்டரி குளிர்ல அப்படித்தான், வெயில் வந்தா திரும்பி வந்துடும். பேட்டரியைத் தனியா கழட்டி வீட்டுக்குள்ள வெச்சிருந்து கிளம்புற நேரத்துல மாட்டுங்க. ஆனா வெளிய இருந்து கொண்டு வந்த உடனே சார்ஜ் போடக்கூடாது, பூஜ்யம் டிகிரிக்குக் கீழ இருக்கிற பேட்டரி செல்லுக்கு சார்ஜ் ஏத்துனா உள்ள லித்தியம் படிஞ்சு நிரந்தரமா கெட்டுப் போகும், ஆபத்தும்கூட. அறைச் சூட்டுக்கு வந்தப்புறம், கூட வந்த சார்ஜர்லயே போடுங்க. வாசல் பக்கம் வேண்டவே வேண்டாம், தீப்பிடிச்சா நீங்க வெளிய ஓட வேண்டிய வழியே அதுதான். தூங்கும்போதும் போட்டுட்டுப் படுக்காதீங்க. ஒண்டாரியோவுல இ-பைக்குக்கு மோட்டார் 500 வாட்ஸ், வேகம் மணிக்கு 32 கிலோமீட்டர், எடை 120 கிலோ, இதுக்குள்ள இருக்கணும், 16 வயசு ஆகியிருக்கணும், ஹெல்மெட் எல்லாருக்கும் கட்டாயம்.

கேள்வி: செயின் ஒரே வாரத்துல துருப்பிடிச்சு கரகரன்னு சத்தம். பூட்டும் உறைஞ்சு சாவி நுழைய மாட்டேங்குது. சுடுதண்ணி ஊத்தலாமா?

பதில்: சுடுதண்ணி ஊத்துனா அந்த நிமிஷம் திறக்கும், அப்புறம் அதே தண்ணி உள்ள போய் முன்னைவிட கெட்டியா உறையும். கார் பூட்டுல ஐஸைக் கரைக்க விக்கிற டீ-ஐஸர் சின்ன பாட்டிலை கோட் பாக்கெட்ல வெச்சுக்குங்க, பூட்டும்போது சாவித் துவாரம் கீழ பாக்குற மாதிரி வைங்க. செயினுக்கு வீட்டுக்கு வந்ததும் பழைய துணியால ஒரு தடவை இழுத்துத் துடைங்க, உப்பு காயிறதுக்கு முன்னாடி, அப்புறம் ஈர காலத்துக்குன்னே விக்கிற வெட் லூப்ங்கிற செயின் எண்ணெயை சொட்டு சொட்டா விடுங்க. குளிர்காலத்துல ஒரு செயின் செலவாகும்னு முன்னாடியே மனசுல வெச்சுக்குங்க, மத்த பாகத்தைக் காப்பாத்துறதுக்கு அது விலை கம்மி. ஒண்ணு கவனிங்க, சைக்கிளை வீட்டுக்குள்ள கொண்டு வந்தா நல்லா காயிற வரைக்கும் உள்ளயே இருக்கட்டும். பாதி உருகின ஸ்னோவோட மறுபடி வெளிய வெச்சா கேபிளுக்குள்ள போன தண்ணி உறைஞ்சு காலையில பிரேக்கே நகராது.

கேள்வி: எந்த நாள் போகக்கூடாதுன்னு எப்படி முடிவு பண்றீங்க? ஒரு நாள் விட்டாலும் சோம்பேறி ஆயிடுவேனோன்னு பயமா இருக்கு.

பதில்: ஒரு நாள் என்ன, ஒரு வாரம்கூட விடலாம். தினமும் போயே ஆகணும்னு வீம்பு பிடிச்சவங்கதான் ஜனவரியில ஒரு விழு விழுந்துட்டு சைக்கிளை பேஸ்மென்ட்ல போட்டுடுறாங்க. ஐஸ் மழைன்னு அறிவிப்பு வந்தா நான் யோசிக்கவே மாட்டேன், பஸ்தான், ஆணி டயர் உங்களைப் பிடிச்சுக்கும் ஆனா பின்னாடி வர்ற காரைப் பிடிக்காது. ப்ளவ் இன்னும் வராத பெரிய ஸ்னோவும் அப்படித்தான், கண்ணுக்கு அழகா இருந்தாலும் அரை நாள் பொறுக்கணும். மத்தியானம் உருகி சாயங்காலம் மறுபடி உறையிற நாள் இருக்கே, அதுதான் எல்லாத்தையும்விட மோசம், மத்தியானம் ஈரமா இருந்த அதே பாலம், அதே சுரங்கப் பாதை வாய் திரும்பி வரும்போது கண்ணாடியா இருக்கும். வெறும் மைனஸ் 15, வெயில், காய்ஞ்ச ரோடுன்னா தாராளமா போலாம். பள்ளத்தாக்குப் பாதை, பார்க் பாதை நிறைய இடத்துல குளிர்காலத்துல தள்ளவே மாட்டாங்க, சம்மர் ரூட்டை அப்படியே நம்பாம தெருவழியா ஒரு ரூட் ஞாயித்துக்கிழமை ஓட்டிப் பாத்து வெச்சுக்குங்க.

பாதி வழியில முடியலைன்னாலும் வழி இருக்கு. டிடிசி, அதாவது டொராண்டோ நகர பஸ் முன்னாடி ரெண்டு சைக்கிள் மாட்டுற ரேக் இருக்கும். கைப்பிடியை அழுத்தி கீழ இறக்கி, சைக்கிளைத் தூக்கி வெச்சு, கொக்கிக் கையை முன் டயர் மேல இழுத்துவிட்டா ஆச்சு. உறைஞ்ச விரலோட முதல் தடவை தடுமாறாம இருக்க, ஒரு நல்ல நாள்ல ஆளில்லாத பஸ்ல பழகிப் பாத்துக்குங்க. இறங்கும்போது "முன்னாடி சைக்கிள் எடுக்கணும்"னு டிரைவர்கிட்ட சொல்லிட்டு, முன் கதவு வழியா இறங்குங்க. பஸ்ஸுக்கு முன்னாடி நிக்கிற உங்களை அவர் பாத்துட்டாரான்னு கண்ணைப் பாத்து உறுதி பண்ணிக்கிட்டு அப்புறம் கை வைங்க.